இரணைமடுக் குளமும் யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டமும்: திட்டமிடலும் கற்றலும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2010 நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல், சுகாதாரத் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தபோது, யாழ்ப்பாணத்துக்கான நீர் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்திலிருந்து எடுக்கப்படும் என்று திட்ட ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி அந்த நீர் மூலம் திறந்துவைக்கப்பட்டபோது அது குளமாக இருக்கவில்லை. வடமராட்சி கிழக்கில், தாளையடிக் கடற்கரையில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரும் நிலையமாக இருந்தது. இந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உள்ளன. ஒரு பெருந்திட்டம் தன் அடிப்படைக் கணிப்பை மாற்றிக்கொள்ள ஏன் இத்தனை காலம் எடுத்தது, அந்த மாற்றத்தை எந்த அறிவு கொண்டுவந்தது, அந்த அறிவு திட்டம் வரையப்பட்ட மேசைக்கு ஏன் தொடக்கத்திலேயே வந்து சேரவில்லை என்ற கேள்விகளை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது.

இதனைக் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான பிணக்காகவே பலர் பேசிவந்தார்கள். அவ்வாறு பேசுவது இரு பக்கத்து மக்களுக்கும் அநீதி. யாழ்ப்பாணத்தின் தாகமும் உண்மையானது, வயலுக்கு நீர் போதாமற் போகும் என்ற, குளத்தின் கீழ்க் கமக்காரரின் அச்சமும் உண்மையானது. நிறுவனங்கள் எப்படித் திட்டமிடுகின்றன, எப்படிக் கற்கின்றன என்பதைத்தான் இங்கே ஆராய வேண்டியிருக்கிறது.

குளமும் பயிர்ச்செய்கைக் கூட்டமும்

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடு வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். 1902இல் தொடங்கிய வேலை 1920இல் நிறைவடைந்தது. பின்னர் பல கட்டங்களாக அணை உயர்த்தப்பட்டு, 1970களின் பிற்பகுதியில் குளம் 34 அடி நீர்மட்டமும் 106,500 ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி), அதாவது ஏறத்தாழ 131 மில்லியன் கன மீற்றர், கொள்ளளவும் கொண்டதாயிற்று. வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை, ஊரியான், பரந்தன், உருத்திரபுரம் முதலிய இடங்களில் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல் இதன் கீழ் இருக்கிறது. ஆனால் கனகராயன் ஆறு வற்றாத ஆறு அன்று. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே குளத்தின் வரவு. மகாவலி நீர் வடக்கே திருப்பப்படும் என்ற பேச்சு இரண்டு தலைமுறையாகக் கேட்கப்படுகிறது; அந்த நீர் இரணைமடுவுக்கு வந்து சேரவில்லை. மழை பொய்த்த ஆண்டில் குளத்தை நிரப்ப வேறு வழி கிடையாது.

இதனால் மழைக்காலப் பயிரான காலபோகம் பெரும்பாலும் மழையோடு ஓடிவிடும். மழைக்குப் பின் வரும் கோடைப் பயிரான சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்தில் எஞ்சிய நீரையே நம்பியிருக்கும். சிறுபோகத்தில் முழு 21,000 ஏக்கரையும் விதைக்க முடியாது என்பதும், எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதும் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் இடந்தான் பயிர்ச்செய்கைக் கூட்டம்.

நிறுவனக் கற்றலைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கூட்டத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழி இதற்குச் சட்ட வலு உண்டு. மாவட்டச் செயலாளர் தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவைத் திணைக்களத்தார், விவசாயத் திணைக்களத்தார், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆகியோரோடு வயற்காரரும் திரண்டு வருவார்கள். பொறியியலாளர் அன்றைக்குக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று சொல்வார். அதிலிருந்து எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு, முதல் நீர் திறக்கும் திகதி, இறுதி நீர் நிறுத்தும் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வாய்க்கால் துப்புரவு முடிய வேண்டிய நாள், கால்நடைகளைக் கட்டுப்படுத்த வேண்டிய நாள், மீறுவோருக்கான தண்டம் என ஒவ்வொன்றும் முடிவாகும். சண்டையும் வரும்; சத்தமும் வரும். ஆயினும் கூட்டம் முடியும்போது எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தீர்மானம் எழுத்தில் இருக்கும். அடுத்த போகத்தில் அது காலாவதியாகி, குளத்தின் புதிய நீர்மட்டத்தை வைத்து மீண்டும் தொடக்கத்திலிருந்து தீர்மானிக்கப்படும்.

திட்டம், அதன் அளவீடு, விளைவைப் பார்த்தல், திருத்தல் ஆகிய நான்கும் ஆண்டுக்கு இருமுறை ஒரே மண்டபத்தில் நடப்பது இதன் சிறப்பு. சென்ற போகத்தில் தவறாகக் கணித்ததனால் வயல் கருகியவர், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லும் உரிமை உடையவர். பெரிய நிறுவனங்கள் ஆலோசகரை அமர்த்தித் தேடும் பின்னூட்டம் இங்கே வயற்காரரின் வாயாலேயே வந்துவிடுகிறது.

திட்டம் வரையப்பட்ட விதம்

மறுபுறத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணறுகளால் இறைத்தே அது வாழ்ந்துவந்திருக்கிறது. மிதமிஞ்சிய இறைப்பினால் உவர்நீர் ஏறுவதும், பசளையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கலப்பதும் பல காலமாக அறியப்பட்டவை. பின்னாளில், 2014–2015 காலப்பகுதியில், சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த விவகாரம் இந்த நிலையை நாடறியச் செய்தது. ஆகவே குழாய்நீர் வேண்டும் என்ற தேவையில் பிழை காண இடமில்லை.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நடைமுறைப்படுத்த, ஆசிய அபிவிருத்தி வங்கியும் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் கடன் வழங்க, ஏறத்தாழ 164 மில்லியன் அமெரிக்க டொலர் செலவில் திட்டம் உருப்பெற்றது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் அளவில் நீரைப் பெற்றுக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்வது எண்ணம். இதனால் கமத்துக்கு வரும் இழப்பை ஈடுசெய்ய, விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடனுதவியோடு குளத்தையும் வாய்க்கால்களையும் புனரமைத்து, நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தும் இன்னொரு திட்டம் இணையாக வகுக்கப்பட்டது. இரண்டு அடி உயர்வினால் கொள்ளளவு ஏறத்தாழ 119,500 ஏக்கர் அடியாகும்.

இதெல்லாம் நடந்த காலத்தை மறந்துவிடக் கூடாது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானது. குளத்தின் கீழ் வாழ்ந்த மக்கள் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டு, பின்னர் செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். திட்டம் அங்கீகாரம் பெற்றபோது அவர்கள் கூரையற்ற வீடுகளுக்கும் காடு பற்றிய வயல்களுக்கும் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கமக்காரர் அமைப்புகள் மீண்டும் கூடவே காலம் தேவைப்பட்டது. கலந்தாலோசனை என்ற பெயரில் எந்தக் கூட்டம் நடந்திருந்தாலும், வீட்டையும் உறவையும் இழந்து நின்ற மனிதரிடம் இருபது ஆண்டு நீர்ச் சமநிலை பற்றிக் கேட்பது உண்மையான கேள்வியாக இருந்திருக்க முடியாது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை இங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. குளத்தைப் பற்றிய அறிவைப் பேணிவந்த நிறுவனம் சிதறிக் கிடந்த வேளையில் குளத்தைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டது.

ஏக்கர் அடிக் கணக்கு

நாளுக்கு 27,000 கன மீற்றர் என்றால் ஆண்டுக்கு 98 இலட்சத்து 55 ஆயிரம் கன மீற்றர். ஏக்கர் அடியில் சொன்னால் ஏறத்தாழ 8,000. அணையை இரண்டு அடி உயர்த்துவதால் கூடும் கொள்ளளவோ 13,000 ஏக்கர் அடி. எடுப்பதைவிடக் கொடுப்பது அதிகம். தாளில் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. திட்டத்தை வரைந்தவர்களை எண் தெரியாதவர்கள் என்று சொல்வது தவறு.

அப்படியிருந்தும் கமக்காரர் அமைப்புகள் எதிர்த்தன. அவர்களின் வாதத்தைப் பிறர் அரசியல் என்றும் பிரதேசவாதம் என்றும் தள்ளிவிட்டார்கள். அது நீரியல் வாதம். கூடுதலான இரண்டு அடி எப்போது பயன்படும்? குளம் 34 அடியைத் தாண்டி நிரம்பும் ஆண்டில் மட்டுமே. நிரம்பாத ஆண்டில் அந்த இரண்டு அடி வெறும் காற்று. குடிநீர்க் குழாய்க்கான 8,000 ஏக்கர் அடியோ மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நாள் தவறாமல் எடுக்கப்பட வேண்டியது. குடிநீருக்கே முதலுரிமை என்பது எல்லோரும் ஏற்ற கொள்கை. ஆகவே நல்ல ஆண்டில் இலாபம் இருவருக்கும் பங்காக, கெட்ட ஆண்டில் நட்டம் முழுவதும் சிறுபோகக்காரன் தலையில் விழும். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்துக்கொண்டாலே, அந்த 8,000 ஏக்கர் அடி 2,000 ஏக்கர் சிறுபோகமாகும். குளம் பாதியில் நிற்கும் ஆண்டில் அந்த 2,000 ஏக்கரே பல குடும்பங்களின் முழு ஆண்டுச் சீவியம்.

திட்டக்காரர் சராசரியைப் பார்த்தார்கள். கமக்காரர் கெட்ட ஆண்டைப் பார்த்தார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சராசரி என்ற ஒன்று இல்லை, அன்றைய நீர்மட்டம் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு போகமும் அந்த நீர்மட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து முடிவெடுத்துப் பழகிய மக்களுக்கு, மாறாத அளவில் நீரைத் தருவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது விளங்காத செயலாகவே தோன்றியது. பின்னர் 2014இலும் 2016–2017இலும் வடக்கைப் பிடித்த கடும் வறட்சி அவர்கள் எந்த ஆண்டைக் குறித்துப் பேசினார்கள் என்பதைக் காட்டியது.

கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவனக் கற்றலை இரண்டாகப் பிரித்தார்கள். குறிக்கோளையும் அதன் அடியிலுள்ள கருதுகோளையும் தொடாமல் செயலை மட்டும் திருத்துவது ஒற்றை வளையக் கற்றல். கருதுகோளையே கேள்விக்குட்படுத்துவது இரட்டை வளையக் கற்றல். அணையை இரண்டு அடி உயர்த்துவது முதல் வகை. கமக்காரரின் மறுப்பைக் கேட்ட நிறுவனங்கள், நீர் போதாது என்கிறார்கள், ஆகவே கூடுதல் நீரைக் காட்டுவோம் என்று பதில் சொன்னார்கள். ‘இந்தக் குளத்திலிருந்து மாறாத அளவில் நீர் எடுக்கலாமா’ என்பதே கேட்கப்பட்ட கேள்வி. அது வேறு வளையத்தைச் சேர்ந்தது. அதற்குப் பதில் வரப் பல ஆண்டுகள் சென்றன.

மாற்றம் வந்த வழி

மாற்றம் திட்டத்தின் உள்ளிருந்து வரவில்லை. 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து, மக்கள் தெரிவுசெய்த ஓர் அவை உருவானபின்பே கமக்காரரின் மறுப்புக்குச் சட்டபூர்வமான மேடை கிடைத்தது. இரணைமடுவுக்கு மாற்று என்ன என்ற பேச்சு தீவிரமடைந்தது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுசெல்லும் பொறியியலாளர் ஆறுமுகத்தின் பழைய யோசனை மீண்டும் மேசைக்கு வந்தது. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் தெரிவு ஏற்கப்பட்டு, 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி அதற்கான மேலதிகக் கடனை அங்கீகரித்தது.

முகாமைத்துவ ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் சொல்லும் வேறுபாடு இங்கே உதவுகிறது. முன்கூட்டி வகுத்த மூலோபாயம் ஒன்று, நடைமுறையில் உருவாகிவரும் மூலோபாயம் வேறொன்று. கடைசியில் நிறைவேறுவது பெரும்பாலும் இரண்டினதும் கலவை. தாளையடி நிலையம் 2010இல் எவரும் வகுத்த மூலோபாயம் அன்று. ஆயினும் அதைத் திட்டத்தின் வெற்றிகரமான நெகிழ்வு என்று எழுதிவிட நான் உடன்படமாட்டேன். நீர் எங்கிருந்து வரும் என்பது முடிவாகாமலே குடாநாட்டில் நீர்த்தாங்கிகள் எழுந்தன, குழாய்கள் புதைக்கப்பட்டன. நீர்த்தாங்கிகள் நீரின்றி ஆண்டுக்கணக்கில் நின்றன. அந்த ஆண்டுகளில் சுன்னாகத்திலும் தீவகத்திலும் பெண்கள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியை எதிர்பார்த்துக் குடங்களோடு காத்திருந்தார்கள். தாமதமாகக் கற்றதன் விலையை அவர்களே செலுத்தினார்கள்.

இதைத் தவிர்த்திருக்க முடியுமா? முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீர் மூலம் பற்றிய கருதுகோள் ஒவ்வொரு போகத்திலும் குளத்தின் நீர்மட்டத்தோடு ஒப்பிடப்பட்டு, அது பொய்த்தால் அடுத்த கட்டச் செலவு நிறுத்தப்படும் என்ற ஒரு விதி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் போதும். கடன் ஒப்பந்தங்களில் முன்னேற்றம் பெரும்பாலும் செலவழிந்த தொகையாலும் முடிந்த கட்டடத்தாலும் அளக்கப்படுகிறது. அவ்வாறு அளக்கும்போது, நிறுத்தி யோசிப்பது தோல்வியாகவும் குழாய் புதைப்பது வெற்றியாகவும் பதிவாகிறது. இப்படிப்பட்ட அளவுகோலின் கீழ் வேலை செய்யும் எந்தப் பொறியியலாளரும், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நீர் மூலம் பற்றிய சந்தேகத்தை மேலே எழுதுவதற்குத் தயங்குவார்.

2018 டிசெம்பர்

புனரமைப்பு நிறைவுற்று, 36 அடி நீர்மட்டம் கொண்ட குளம் 2018 டிசெம்பர் முற்பகுதியில் உத்தியோகபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் 21ஆம், 22ஆம் திகதிகளில் கொட்டிய பெருமழையில் குளம் நிரம்பி, மிகுநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. முல்லைத்தீவும் பாதிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். கதவுகள் தாமதித்துத் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்து, விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

யார் குற்றம் செய்தார் என்பதை இங்கே தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. கதவை இயக்கும் விதியில் இரண்டு கருதுகோள்கள் முட்டிக்கொண்டதே கவனத்துக்குரியது. குளம் நிரம்பி நிற்பது சிறுபோகத்துக்கு உறுதி. அதே நிரம்பிய குளம் ஊரியானுக்கும் முரசுமோட்டைக்கும் ஆபத்து. நீர் குறித்த மட்டத்தை எட்டியதும் கதவைத் திறப்பது ஒரு விதி. மார்கழியில் அந்த மட்டம் எதுவாக இருக்க வேண்டும், வானிலை எதிர்வுகூறலைப் பார்த்து முன்கூட்டியே மட்டத்தைத் தாழ்த்தலாமா, தாழ்த்தியபின் மழை பொய்த்தால் இழப்பை யார் ஏற்பது என்று கேட்பது விதியையே திறந்து பார்ப்பது. பின்வந்த ஆண்டுகளில் வான்கதவுகள் திறக்கப்படும் முன்னர் தாழ்நில மக்களுக்கு அறிவித்தல் விடுப்பது வழக்கமாகியுள்ளது. இது நல்ல கற்றல். உயிர் காக்கும் கற்றல். ஆனால் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நெல்லின் வயதைப் போல, வாய்க்கால் பங்கைப் போல, முன்கூட்டி விவாதித்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது. இயக்கத் தீர்மானத்தை மழை கொட்டும் இரவில் ஒரு பொறியியலாளரின் தனிப் பொறுப்பாக விடுவது அவருக்கும் நியாயமில்லை.

கூட்டத்தின் குறைகளும் தாளையடியின் கேள்வியும்

பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் போற்றும்போது அதன் குறைகளை மறைத்தால் ஆய்வு நேர்மையற்றதாகிவிடும். அங்கே காணி உரிமையாளரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. குத்தகைக்குச் செய்பவர், வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர், போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் ஆகியோரின் சொல் அங்கே குறைவாகவே எடுபடுகிறது. காணியற்ற கூலியாளுக்கு அங்கே இடமே இல்லை. மேலும், கூட்டத்தின் நினைவு பெரும்பாலும் முதியவர்களின் தலையிலேயே இருக்கிறது. எந்த ஆண்டில் எத்தனை அடியில் எத்தனை ஏக்கர் விதைத்தோம், அறுவடை வரை நீர் போதியதா என்பதை ஒரே பதிவேட்டில், எவரும் பார்க்கக்கூடிய வகையில் வைத்திருந்தால், 2010இல் திட்டக்காரர் முன்னே அந்தப் பதிவேட்டை விரித்துக் காட்டியிருக்கலாம். இனியேனும் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

தாளையடியில் இதே கதை வேறு உருவில் தொடர்கிறது. கடல்நீர் நிலையம் வரும் என்று தெரிந்தபோது வடமராட்சி கிழக்கின் கடற்றொழிலாளர்கள் அஞ்சினார்கள். நிலையத்திலிருந்து கடலுக்குத் திரும்பும் செறிந்த உவர்நீர் கரையோர மீன்வளத்தை என்ன செய்யும் என்று கேட்டார்கள். குளத்தின் கீழ்க் கமக்காரருக்கு இருந்த சட்ட வலுவுள்ள கூட்டம் அவர்களுக்கு இல்லை. கடற்றொழிலாளர் சங்கங்கள் உண்டு. ஆனால் நிலையத்தை இயக்குவோர் ஆண்டுக்கு இருமுறை அவற்றின் முன்னே வந்து, அளந்த உவர்த்தன்மையை வாசித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, இயக்க முறையைத் திருத்த வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டுமே இரணைமடுவில் தாமதமாகக் கற்றது தாளையடிக்குப் பயன்படும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்துக்கு முன் ஒன்றும் வடகீழ்க் காற்று வீசும் வாடைக் காலத்துக்கு முன் ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள், தலைமைக்கு மாவட்டச் செயலாளர், தரவுக்கு நீர் வழங்கல் சபையும் கடற்றொழில் திணைக்களமும், தீர்மானம் எழுத்தில். கிளிநொச்சியில் பல தலைமுறையாகச் செய்துவரும் முறைதான் இது. மருதங்கேணிப் பிரதேச செயலகத்தில் அதைத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.